பர்மாவிலிருந்து வந்த பெண்ணை நான் நம்பிய விதம்

என் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வந்தவரை நான் வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அன்று நான் நம்பவில்லை.

அது அறுபத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். எங்கள் ஊர் கீழச்சிவல்பட்டி. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். அங்கே கடை கண்ணிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது என்றார்கள். கட்டிய துணியோடு வந்தவர்கள் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு கதைகளும் வந்தன. செத்துப்போனதாக நினைத்த மாமன் வந்து நின்றார் என்பார்கள். வந்தது மாமனே இல்லை, சொத்துக்காக யாரோ வேஷம் போட்டு வந்தான் என்றும் சொல்வார்கள். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் சனிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள், "உங்களுக்கு எப்படி இந்த நிம்மதி வந்தது?" என்று என்னைக் கேட்பதுண்டு. நிம்மதி எனக்குச் சும்மா வரவில்லை. சந்தேகம் என்ற முள் காட்டுக்குள் நடத்தித்தான் பெருமாள் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் அழகம்மாள். நிலம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணமான இரண்டாம் வருஷமே என் கணவர் ராமையா பர்மாவுக்குப் போனார். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுச் செட்டியார் ஒருவருக்கு ரங்கூனில் கடை இருந்தது. அங்கே சமையலுக்கு ஆள் வேண்டும் என்று அவரே என் அப்பாவிடம் பேசி அழைத்துப் போனார். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போட்டான். செட்டியாரும் அவரோடு வந்த வெளியூர்க்காரர்களும் காட்டையும் மலையையும் நடந்தே தாண்டி, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். என் கணவர் வரவில்லை. "கூட்டத்துல பிரிஞ்சுட்டான். பின்னால வர்ற கூட்டத்தோட வந்துருவான்" என்று செட்டியார் என் அப்பாவிடம் சொன்னார். பின்னால் யாரும் வரவில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தேன். அந்தச் செட்டியார் வீட்டுக்கும் நான்தான் பால் ஊற்றினேன். அந்த வீட்டு ஆச்சி, செட்டியாரின் மனைவி, என்னிடம் மிகவும் பிரியமாக இருந்தார். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்கு அரிசி வெல்லம் என்று ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. எங்கள் நிலத்தைக் கொழுந்தன் சின்னையா உழுதார். அறுப்பு முடிந்ததும் எனக்கு நெல் அளந்துவிடுவார். தாலியை நான் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஊரார் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு சிரித்தார்கள். அப்புறம் மறந்தே போனார்கள்.

நான் மறக்கவில்லை. புரட்டாசி வந்தால் திருக்கோஷ்டியூர் போவேன். பெருமாள் முன்னால் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன். "அவரை எங்கிட்டக் கொண்டாந்து சேத்துரு." இருபது வருஷத்துக்கு மேல் இதே வேண்டுதல்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பகல் வேளையில் அந்த மனிதர் வந்தார். வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, நரைத்த தாடி. கூடவே பதினான்கு வயசு இருக்கும் ஒரு பெண். மூக்கு சப்பை. கண் சின்னது. நிறம் நம் நிறம். கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ பூசியிருந்தாள்.

"இது ராமையா அண்ணன் வீடுதான தங்கச்சி?" என்று அவர் கேட்டார்.

"நீங்க யாரு?"

"எம் பேரு காதர் ராவுத்தர். பர்மாவுல அண்ணனும் நானும் ஒரே ஊரு. ஐராவதி ஆத்துக் கரையில டீக்கடை வச்சிருந்தேன். எங் கடையிலதான் அண்ணன் பலகாரம் போட்டாரு." அவர் குரல் தழுதழுத்தது. "அண்ணன் காலமாகி ரெண்டு வருசமாச்சு தங்கச்சி. அவரால வர முடியல. இது அவரு மக. தாய் பர்மாக்காரி, பிரசவத்துலயே போயிட்டா. எம் மகள எஞ் சம்சாரத்துக்கிட்டக் கொண்டு போயிச் சேத்துருன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. புருஷன் செத்தான் என்று ஒருவர் சொல்கிறார். அவனுக்கு இன்னொருத்தி இருந்தாள் என்றும் அதே வாயால் சொல்கிறார். அத்தாட்சியாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒரே மூச்சில் இத்தனையையும் எப்படி விழுங்குவது?

"உயிரோட இருந்த மனுசன் ஏன் ஒரு கடுதாசி போடல?" என்று கேட்டேன்.

"வெக்கம் தங்கச்சி. இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அவளுக்குப் பாரமாப் போயி நிக்கவான்னு சொல்லுவாரு."

எந்த உடம்பு, என்ன பாரம் என்று கேட்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. "போதும், நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சின்னையா வந்துவிட்டார். அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "மதினி, இது பங்குக்கு வந்த ஆளு. உள்ள வுட்டுறாதீக" என்று என் காதில் சொன்னார்.

ராவுத்தர் கை கூப்பினார். "தேவகோட்டையில ஒத்த ரூம்புல நாலு பொம்பளப் புள்ளைகளோட இருக்கேன். கொஞ்ச நாளு வச்சுப் பாருங்க. ஒத்து வரலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிர்றேன். எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஒன்றும் வேண்டாம் என்கிற ஆளைக் கண்டால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கேட்கிறவனுக்கு என்ன வேண்டும் என்றாவது தெரியும். இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு வெயிலில் நின்று நின்று உதடு வெடித்திருந்தது. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அதில் இருக்கச் சொன்னேன். வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

அவள் பெயரைக் கேட்டேன். "திருமகள்" என்றாள். திருக்கோஷ்டியூர்த் தாயாரின் பெயரை ஒட்டிய பெயர். வேறு யாராவது என்றால் நெகிழ்ந்து போயிருப்பார்கள். பேரைக்கூடப் பார்த்துப் பார்த்து வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று முதல் அவளை நான் வேவு பார்த்தேன். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். நடப்பதைப் பார்த்தேன். அவர் சாயல் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒரு சமயம் நெற்றி அவர் நெற்றி மாதிரி இருக்கும். இன்னொரு சமயம் யாரோ ஊர் பேர் தெரியாதவள் மாதிரி இருக்கும். அவர் முகமே எனக்குச் சரியாக நினைவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது என்னை உலுக்கிவிட்டது.

அவளைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் கணவருக்கு இடது கணுக்காலில் ஏர்க்கொழு கிழித்த பெரிய தழும்பு உண்டு. கூட இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒருநாள் சின்னையாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு இடது கால்ல என்ன அடையாளம் இருந்துச்சு?"

அவள் முழித்தாள். அவளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். "இடது காலா?"

"ஆமா, இடது காலுதான். சொல்லு."

"இடது கால் அப்பாவுக்கு இல்லையே."

சின்னையா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கேட்டீகளா மதினி? தழும்பு எங்கன்னு கேட்டா காலே இல்லேங்குது! நல்லாச் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பியிருக்காய்ங்க!"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. பொய் சொல்ல வந்தவள் 'தழும்பு இருந்தது' என்று ஏதாவது உளறியிருப்பாள். காலே இல்லை என்று எவள் சொல்வாள்? ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுவும் ஒரு சாமர்த்தியமான பதில்தானே என்று மறு நிமிஷமே தோன்றியது. இல்லாத காலில் எந்தத் தழும்பைத் தேடுவது?

சின்னையா அதோடு விடவில்லை. டீக்கடையில் சொன்னார். ஊருணிக் கரையில் சொன்னார். பஸ் நிற்கும் இடத்தில் சொன்னார். "காலில்லாத அண்ணன் மக" என்று ஊரே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிக் காட்டினார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்தபோது மட்டும் என் மனசு கொஞ்சம் கரைந்தது. ஆனால் சந்தேகம் விடவில்லை.

அடுத்த முறை ராவுத்தர் அவளைப் பார்க்க வந்தபோது நேருக்கு நேர் கேட்டேன். "கால் விசயத்த ஏன் அன்னைக்கே சொல்லல?"

அவர் திகைத்துப் போனார். "உங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? மொதலாளி ஊருக்குப் போயி வீட்டுல சொல்லியிருப்பாகன்னு அண்ணன் சொன்னாரே. ரங்கூன் குண்டுலதான் கால் போச்சு. அதனாலதான் அவுகளோட நடந்து வர முடியல."

முதலாளி என்றால் நான் பால் ஊற்றும் வீட்டுச் செட்டியார். பெரிய மனுஷர் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாரா இந்த ராவுத்தர்? அல்லது அந்தப் பெரிய மனுஷர்தான் இத்தனை வருஷம் என்னை ஏமாற்றினாரா?

மறுநாள் பால் ஊற்றும்போது ஆச்சியிடம் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தேன். "ஆச்சி, ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் அடி பட்டுச்சா? பெரியவுக ஏதும் சொல்லியிருக்காகளா?"

ஆச்சியின் கை பால் செம்பில் அப்படியே நின்றது. "அதெல்லாம் ஆதி காலத்துக் கதை. இப்ப எதுக்கு? போ, பசு கத்தப் போகுது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். எப்போதும் வாசல் வரை வந்து பேசி அனுப்புகிறவர்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. ராவுத்தர் எதற்கோ அடிபோடுகிறார் என்று நினைத்தேன். ஆச்சி மறைக்கிறார் என்று நினைத்தேன். சின்னையா நிலத்துக்காகத்தான் இந்தப் பெண்ணை விரட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துக் குடித்தேன். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. பசு என் கைபட்டால் பால் சுரக்க மறுத்தது.

பெருமாளையும் சந்தேகப்பட்டேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. "நான் கேட்டதுக்கு நீ அனுப்புன பதில் இதுதானா? என்னைய வச்சு விளையாடுறியா?" என்று விளக்கேற்றும்போது கேட்டேன். விளக்கேற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புரட்டாசி சனிக்கிழமை வந்தது. திருப்பத்தூர் போய் அங்கிருந்து பஸ் மாறித் திருக்கோஷ்டியூர் போனேன். அவளையும் அழைத்துப் போனேன். பக்தியால் அல்ல. வீட்டில் தனியாக விட்டுப் போக நம்பிக்கை இல்லாததால்தான்.

கூட்டம் நெரிந்தது. முன்னால் நகர நகர, வழக்கமாகக் கேட்பது வாயில் வரவில்லை. அவரைக் கொண்டுவா என்று இனி எப்படிக் கேட்பது? அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியவில்லையே. சன்னதிக்கு நேரே வந்ததும் எனக்குள் என்னவோ உடைந்தது. "சாமி, இனிமே உங்கிட்ட அவரக் கேக்கல. நெசத்தக் காட்டு. அவரு செத்துருந்தாலும் சரி, இவ பொய்யா இருந்தாலும் சரி. நெசம் எதுவோ அதத் தாங்கிக்கிறேன். இந்தச் சந்தேகத்த மட்டும் என்னால தாங்க முடியல."

வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு இன்னது வேண்டும் என்று சொல்லாமல் வேண்டினேன். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டினாய் என்று பஸ்ஸில் கேட்டேன். "பெரியம்மா சாப்பிடணும்னு" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை. வழக்கம்போல் பெரிய வீட்டுக்குப் பால் கொண்டு போனேன். ஆச்சி வாசலிலேயே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. "செம்ப வச்சுட்டு உள்ள வா. இவுக ஒன்னயப் பாக்கணுங்குறாக" என்றார்.

செட்டியார் பல மாதமாகப் படுத்த படுக்கை. உள் கட்டு அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"அந்தப் புள்ளைய ஊர்ல கேலி பண்ணுறாகளாமே. காலில்லாதவன் மகன்னு. சமையக்காரி வந்து சொல்லிச் சிரிச்சா" என்றார்.

இவரும் சிரிக்கத்தான் கூப்பிட்டாரோ என்று நினைத்தேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அது பொய் சொல்லலத்தா. ராமையாவுக்குக் கால் போனது நெசம். இடது காலு. முழங்காலுக்குக் கீழ. கடை வாசல்ல குண்டு விழுந்து செவுரு சரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாக. நாங்க கெளம்புறப்ப அவன் படுக்கையில கெடந்தான். தூக்கிட்டு வர ஆளில்ல. ஆளில்லேன்னு சொல்லுறேன். மனசில்லேன்னும் வச்சுக்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"'நீங்க போங்க மொதலாளி, வீட்டுல மட்டும் சொல்லிருங்க'ன்னான். அதயும் நான் சொல்லல. பத்திரமாக் கொண்டாந்து சேக்குறேன்னு ஒங்கப்பன் கையப் புடிச்சுச் சொன்னவன் நான். என்ன மொகத்த வச்சுக்கிட்டு, படுக்கையில விட்டுட்டு வந்தேன்னு சொல்லுவேன்? கூட்டத்துல பிரிஞ்சுட்டான்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் மாத்த முடியல. இப்ப அந்தப் புள்ளைய ஊரே பொய்க்காரிங்குது. அது நெசத்தச் சொல்லுதுன்னு கண்ணால பாத்து அறிஞ்சவன் இந்த ஊர்ல நான் ஒருத்தந்தான். இதோட போயிச் சேர எனக்குத் தைரியம் இல்ல."

ஆச்சி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். தீபாவளிச் சேலை எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக உடம்பில் எரிந்தது.

ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். "இத எங் கொழுந்தன்கிட்டயும் சொல்லுவீகளா?"

"கூட்டிட்டு வா" என்றார்.

சின்னையாவை அழைத்துப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. செட்டியார் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். சின்னையா முழுவதையும் கேட்டுக்கொண்டார். வெளியே வந்தோம். தெரு முனையில் வேப்ப மரத்தடி வந்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, எங்கண்ணன் கால வச்சுத்தான் நான் ஊரெல்லாம் சிரிச்சேனா?" என்று கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மீசை நரைத்த மனுஷர் தெருவில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்த அழுகை. என் புருஷன் செத்துப்போனார் என்பதை அந்த வேப்ப மரத்தடியில்தான் நான் நம்பினேன்.

பெருமாள் செய்ததை யோசித்துப் பாருங்கள். உண்மையைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் வெளியே வராதவர். யாரிடமும் பேசாதவர். அந்தப் பேச்சு அவர் காதுக்கு எப்படிப் போனது? சின்னையாவின் கேலி கொண்டு போனது. அவளைப் பொய்க்காரி ஆக்குவதற்காகச் சொன்ன பேச்சே அவளுக்காகச் சாட்சி சொல்லக்கூடியவரின் கட்டில் வரை நடந்து போயிற்று. நானோ ராவுத்தரோ கெஞ்சியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. நான் எதைப் பார்த்து வெந்துபோனேனோ அதையே பெருமாள் தம் வழியாக்கிக்கொண்டார். சனிக்கிழமை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டிவிட்டார்.

முறைப்படி கருமாதி செய்தோம். சின்னையா அண்ணனுக்குத் தலைமுழுகினார். நான் தாலியைக் கழற்றினேன். அன்று ராவுத்தர் தன் மனைவியோடு வந்து ஒரு ஓரத்தில் நின்றார். அவரை முன்னால் அழைத்து உட்கார வைத்தேன். "அண்ணே, ஒங்கள வாசல்ல நிக்க வச்சேன்" என்றேன். "எம் புள்ளைகளக் காப்பாத்தக் கப்பல்ல வர்றப்ப நானும் ஒருத்தரயும் நம்பல தங்கச்சி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

எல்லாம் முடிந்தது, இனி சந்தோஷம்தான் என்று நினைத்தேன். அப்படி இல்லை. திருமகளை வீட்டுக்குள் அழைத்தேன். வந்தாள். ஆனால் அவளுக்கு இப்போது என் மேல் நம்பிக்கை இல்லை. புதுப் பாவாடை கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடுவாள், உடுத்தமாட்டாள். நான் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து நிற்பாள். ஒருநாள் தலை சீவிவிடும்போது கேட்டாள்.

"பெரியம்மா, என்னை எப்ப அனுப்புவீங்க?"

"எங்க அனுப்ப?"

"தெரியல. எல்லாரும் எங்கயாவது அனுப்புறாங்க. அங்க நீ இந்தியாக்காரி போன்னாங்க. இங்க நீ பர்மாக்காரி போன்னாங்க."

என் கை நின்றுவிட்டது. பச்சைப் பிள்ளை எத்தனை பேர் வாசலில் நின்றிருக்கிறது! "ஒன்னய யாரும் அனுப்ப மாட்டாக" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் அவளைச் சந்தேகப்பட்டேன், அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அவள் சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வது? ஒரு சாட்சியைக் கூப்பிட்டுத் தீர்க்கிற சந்தேகம் இல்லையே அது. தினமும் விடிந்து, தினமும் அவளுக்குச் சோறு போட்டு, தினமும் அனுப்பாமல் இருந்துதான் அதைத் தீர்க்க முடியும். பெருமாள் அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

அவரைப் பற்றி அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்தபடியே பலகாரம் சுடுவாராம். அதிரசம் சரியாக வராவிட்டால் எண்ணெய்ச் சட்டியைத் திட்டுவாராம். எங்கள் ஊர் ஊருணி, அரச மரம், பெருமாள் கோயில் தெப்பம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித்தான் அவளைத் தூங்க வைப்பாராம். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. "பெரியம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தி, ஆனா பசின்னா தாங்கமாட்டாங்கன்னு சொல்லுவார்" என்றாள். சிரித்தேன். அப்புறம் கொட்டகைக்குப் போய்ப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாரமாக இருப்பேன் என்று நினைத்தாராமே அந்த மனுஷர். இருந்திருக்கலாமே! சுமந்திருப்பேனே! அந்த வருத்தம் முழுதாகப் போகவில்லை. போகாத வருத்தத்தோடு சேர்ந்தும் ஒருவர் நிறைவாக இருக்க முடியும் என்பதைத்தான் கற்றுக்கொண்டேன்.

பெரிய வீட்டுக்குப் பால் ஊற்றுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தேன். கருமாதிக்குப் பின் வந்த தை மாதம் செட்டியார் காலமானார். போவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போனேன். ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மறுபடி பால் ஊற்றினேன். மன்னித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது உடம்பு எரிவது நின்றுபோயிற்று. கடைசியில் உண்மையைச் சொன்னவரும் அந்தச் செட்டியார்தானே.

எழுபத்தொன்றில் திருமகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரைக்குடியில் பஸ் கண்டக்டர். பெண் கேட்டு வந்தவர்கள் அவள் மூக்கைப் பார்த்து முணுமுணுத்தபோது, "எங்கண்ணன் மக. இஷ்டமிருந்தா உக்காருங்க, இல்லைன்னா அந்தா இருக்கு பஸ்ஸு" என்று சின்னையாதான் எழுந்து நின்று சொன்னார். நிலத்தில் அவள் பங்கை யாரும் கேட்காமலே பிரித்தும் கொடுத்தார். திருக்கோஷ்டியூரில்தான் கல்யாணம். ராவுத்தர் குடும்பத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகும் கஷ்டம் வராமல் இல்லை. எழுபத்து நான்கில் மழையே இல்லை. கிணறு வற்றிப் பசுக்களை விற்றேன். ஒரு கண்ணில் பார்வை மங்கியது. முன்பென்றால் ஒவ்வொன்றுக்கும் ஏன் எனக்கு என்று கேட்டுப் பெருமாளோடு சண்டை போட்டிருப்பேன். இப்போது பயம் வரும், ஆனால் தங்காது. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன் அல்லவா?

இதைப் படிக்கிற உங்களில் சிலர் ரொம்ப வருஷமாக ஒன்றையே வேண்டிக்கொண்டிருப்பீர்கள். கிடைக்கவில்லையே என்று தவித்துப் போயிருப்பீர்கள். அல்லது கிடைத்தது நீங்கள் கேட்டதைப் போலவே இல்லாததால் அடையாளம் தெரியாமல் திகைத்திருப்பீர்கள். சந்தேகம் வந்தால் வெட்கப்படாதீர்கள். அதையும் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். எனக்கு இதுதான் வேண்டும் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நிஜத்தைக் காட்டு, தாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் காட்டுவார். தாங்குவதற்கு ஆளையும் அவரே அனுப்புவார். என் அனுபவம் அது.

போன புரட்டாசியில் திருமகள் தன் பிள்ளைகளோடு வந்து என்னைத் திருக்கோஷ்டியூருக்கு அழைத்துப் போனாள். கண் சரியாகத் தெரியாததால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். சன்னதியில் தீபாராதனை காட்டிவிட்டு அர்ச்சகர் என் பக்கம் குனிந்தார்.

"என்ன வேண்டுதல் அம்மா? யார் பேருக்கு அர்ச்சனை?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல சாமி" என்றேன். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."